நாற்காலிக்குக் கொடுத்த லாகின்

முப்பத்திரண்டு வயதில் பொன்னாடை போர்த்திக்கொண்டவன் நான். மட்டாஞ்சேரி பஜாரில் எங்கள் அலுவலக மாடியில் ஒரு மாலை நேரம் சாயாவும் பழம்பொரியும் கொடுத்து, "நம்ம முத்து ரிட்டயர் ஆகுந்நு" என்று கைதட்டினார்கள். உண்மையில் ஓய்வு பெற்றது நான் பார்த்த வேலை. நான் வளர்த்த சர்வரை நிறுத்திவிட்டு, மாதச் சந்தா கட்டி வெளியூர்க் கம்பெனி ஒன்றின் சேவைக்கு மாறிவிட்டார்கள். இப்போது நான் வேறோர் இடத்தில் கேமராக்களுக்குக் கேபிள் இழுக்கிறேன்.

நம் தமிழ்ச் சங்கத்தில் கம்ப்யூட்டர் படிக்கும் தம்பி தங்கைகள் சிலர் ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னார்கள். "அண்ணா, காசு கொடுத்து எதுவுமே வாங்காம ஓப்பன்சோர்ஸ வெச்சே மொத்த ஆபீசையும் ஓட்டினீங்களாமே, அத எழுதுங்க" என்றார்கள். எப்படி ஓட்டினேன் என்று எழுத உட்கார்ந்தால், ஒரு கேட்பாஸ் வந்து குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன். படித்து முடித்தபின் யாருக்காவது தெளிவு கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

என் அப்பா மாநகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். படித்தது மலையாளத்தில். தமிழ் எழுத்து கோயில் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் வந்தது. எங்கள் அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் என்றாலே லினக்ஸ்தான். விண்டோஸ் என்று ஒன்று இருக்கிறது, அதற்குக் காசு கேட்பார்கள் என்பதெல்லாம் பாலிடெக்னிக் போன பிறகுதான் தெரிந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைப் பார்த்து மற்றவர்கள் மிரண்டபோது, எனக்கு அது பழகிய தெரு மாதிரி இருந்தது. டிப்ளமோ வாங்கி, கொஞ்ச காலம் தேவராவில் ஒரு கடையில் பிரிண்டர் ரிப்பேர் பார்த்து, பிறகு இந்த வேலைக்கு வந்தேன். படித்த கதை அவ்வளவுதான்.

கம்பெனியின் பெயர் வேண்டாம். மட்டாஞ்சேரியிலும் கொச்சங்காடியிலும் பழைய கிடங்குகளை வைத்துக்கொண்டு, மிளகு, ஏலக்காய், அரிசி வியாபாரிகளின் சரக்கை வாடகைக்குப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம். சரக்கு உள்ளே வருவது சுலபம். வெளியே போகத்தான் கேட்பாஸ் வேண்டும். அந்தக் கிடங்கின் கவுண்டர் கிளார்க் கம்ப்யூட்டரில் பார்த்து அனுமதி கொடுத்தால் பாஸ் அச்சாகி வரும். அதைக் கையில் வாங்கிய பிறகுதான் வாட்ச்மேன் வாசல் கயிற்றை அவிழ்த்து லாரியை விடுவார்.

எனக்கு மேலே இருந்தவர் லீனா மேடம். சிஸ்டம் பிரிவு என்பது அவரும் நானும்தான். அவர் கீபோர்டைத் தொட்டு நான் பார்த்தது அபூர்வம். என் நாற்காலிக்குப் பின்னால், கையில் சாயா கிளாஸுடன் நிற்பார். நான் கட்டளையை அடித்து முடித்து, விரல் என்டருக்குப் போகும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

"வாயிக்கு."

வாசி என்று அர்த்தம். மனதுக்குள் வாசித்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். புள்ளி, கமா, சமக்குறி எல்லாவற்றோடும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும், "இனி அர்த்தம் பற" என்பார். இந்த வரி என்ன செய்யப்போகிறது என்று சாதாரணப் பேச்சில் சொல்ல வேண்டும். நான் திக்கினால், "அறியாத்தது சொல்லி என்டர் அடிக்கண்டா", தெரியாததை அடிக்க வேண்டாம், என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்று கீழே லாரிகளைப் பார்ப்பார். திட்டுவதே கிடையாது. திட்டியிருந்தால் தேவலாம் என்று தோன்றும்.

கீழே கவுண்டரிலும், ஆள் குறையும்போது கொச்சங்காடி கவுண்டரிலும் உட்காரும் ஷமீருக்கு இது பெரிய தமாஷ். மாடியிலிருந்து என் குரல் கேட்டதும், "முத்துவின்டெ மந்திரவாதம் துடங்ஙி, எல்லாரும் எழுந்நேற்று நில்லு" என்பான். நெட்வொர்க் நின்றால், "எடா, உன் சாம்பார் திரிஞ்சு போச்சோ?" என்று கேட்பான். சாம்பா என்ற மென்பொருளைத்தான் அப்படிச் சொல்வான். விண்டோஸ் மெஷின்களையும் எங்கள் லினக்ஸ் சர்வரையும் பேசவைப்பது அதுதான்.

அந்த சர்வரில் எல்டாப் ஓடியது. எல்டாப் என்பது ஓர் அடைவு. கம்பெனியில் யார் யார் இருக்கிறார்கள், யாருடைய பாஸ்வேர்டு எது, யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்திருக்கும். பிரிண்டர், ஃபைல் சர்வர், கேட்பாஸ் நிரல் எல்லாமே யாரையும் உள்ளே விடும் முன் அதனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும். நாங்கள் அதற்குக் கொடுத்த விலை ஒரு பழைய கம்ப்யூட்டரும் என் சம்பளமும். ஆளுக்கு இவ்வளவு என்று லைசென்ஸ் கட்டச் சொன்ன எல்லாக் கம்பெனிகளையும் முதலாளி திருப்பி அனுப்பியிருந்தார்.

முதல் மாதம் முழுக்க ஆட்களை உள்ளே ஏற்றுவதுதான் வேலை. ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு. அதில் சர்நேம் என்ற இடம் காலியாக இருந்தால் எல்டாப் பதிவையே ஏற்காது. ஷமீருக்கு வீட்டுப்பெயர் இருந்தது. லீனா மேடத்துக்கு அவர் குடும்பப்பெயர். நானும், கொச்சங்காடி கவுண்டரின் சங்கரண்ணனும் மாட்டிக்கொண்டோம். சங்கரண்ணன் நாங்கள் குடியிருக்கும் தமிழ்க் காலனிக்காரர். முழுப்பெயர் சங்கரலிங்கம்.

"எங்களுக்கு அப்படி ஒண்ணு கிடையாது மேடம். அப்பா பேரோட முதலெழுத்து மட்டும்தான்."

"எங்கில் ஆ அக்ஷரம் இட்டோ" என்றார்.

அப்படித்தான் அடைவில் என் குடும்பமே ஒற்றை எழுத்தாகச் சுருங்கியது. அண்ணனிடம் சொன்னபோது, "ஒரு எழுத்தாவது இருக்குல்லா, விடுடே" என்று சிரித்தார்.

இப்போது ஒரே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். அடைவில் ஒவ்வொருவருக்கும் பெயரோடு ஓர் எண்ணும் உண்டு. ஃபைல்களும் கேட்பாஸ்களும் எண்ணைத்தான் நினைவில் வைத்திருக்கும். திரையில் பெயரைக் காட்ட வேண்டிய நேரத்தில், இந்த எண் இப்போது யார் என்று அடைவைக் கேட்டுக் காட்டும். மட்டாஞ்சேரி பஜாரில் கிடங்கின் கதவெண் அப்படியே இருக்க, வியாபாரியின் போர்டு மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறதல்லவா, அது மாதிரி.

லீனா மேடத்தின் ஏற்பாடு இதைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒருவர் வேலையை விட்டுப் போனால், அவர் பதிவை முடக்கிவிட்டுப் புதியவருக்குப் புதிய பதிவு போடுவதுதான் புத்தகத்தில் உள்ள முறை. ஆனால் அப்படிச் செய்தால் பழையவரின் ஃபைல்கள், அனுமதிகள், பாதியில் நிற்கும் பாஸ்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். மேடம் பதிவை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மாற்றச் சொல்வார். எண் அப்படியே இருக்கும்.

"ஆளு மாறும் முத்து. கசேர மாறில்ல" என்பார்.

அதாவது லாகின் நாற்காலிக்கு. அதில் உட்காருபவருக்குப் பெயர் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இப்போதும் அது முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படித்தான் அந்தக் கம்பெனி ஒருநாளும் நிற்காமல் ஓடியது.

சங்கரண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தார். அவர் கிடங்கில் அனுமதி கொடுக்கும் உரிமை அவர் நாற்காலிக்கு மட்டும்தான். லாரி நிற்குமா? கவுண்டரில் யார் இருந்தாலும் அவர் லாகினில் நுழைந்து பாஸ் போட்டார்கள். அவர் பாஸ்வேர்டு அவருடைய மகள் பெயர். அது கவுண்டரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதை யாரும் திருட்டு என்று நினைக்கவில்லை. அண்ணன் இல்லாதபோது அண்ணன் ஸ்டூலில் உட்காருவது போல அவ்வளவுதான்.

அவர் இறந்துபோனார். வேலையில் இருக்கும்போது இறந்தால் வீட்டில் ஒருவருக்கு அந்த இடத்தைக் கொடுப்பது கம்பெனியின் வழக்கம். அவர் மனைவி பேச்சியம்மாள் அக்கா பத்தாவது படித்தவர். தையல் யூனிட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வந்தார்.

அன்றைக்கு நடந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. முதலில் மொத்த அடைவையும் ஒரு ஃபைலாக இறக்கிப் பத்திரப்படுத்தினேன். பிறகு பெயர் மாற்றும் வரிகளை எழுதினேன். மாற்றப்போவது போல ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. எதுவும் நிஜமாக மாறாது, தப்பிருந்தால் மட்டும் சொல்லும். அதையும் செய்தேன். பாஸ் அனுமதிக் குழுவில் பழைய பெயரே கிடக்கும், அதைத் தனியாக மாற்ற வேண்டும். அந்த வரியையும் சேர்த்தேன்.

"வாயிக்கு."

வாசித்தேன். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவரின் பெயரையும் அதற்கடுத்து தன் பெயரையும் நான் புள்ளி கமாவோடு சத்தமாக வாசிப்பதைக் கேட்டு, கோயிலில் அர்ச்சனை நடக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"அர்த்தம் பற."

"சங்கரலிங்கம்ங்கிற பேரை எடுத்துட்டு, அந்த இடத்துல பேச்சியம்மாள்னு வைக்கும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கும்."

"சர்நேம்?"

அதை மறந்திருந்தேன். அக்காவின் இனிஷியல் கணவர் பெயரின் முதலெழுத்து. அதைப் போட்டேன். அப்படி அண்ணன் ஓர் எழுத்தாக அந்தப் பதிவிலேயே தங்கினார். என்டர் அடித்தேன்.

புது பாஸ்வேர்டு வைக்கச் சொன்னபோது அக்கா ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். உதடு அசைந்தது. மகளின் பெயர்தான்.

"அக்கா, அது பழசு. எல்லாருக்கும் தெரியும்."

"எம்புள்ள பேரு எல்லாருக்கும் தெரிஞ்சா என்ன? நல்லதுதான?"

 பின்னால் ஓர் எண் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். சேர்த்தார். அடுத்த வாரமே ஷமீர் அந்த எண்ணையும் எனக்குச் சொன்னான்.

அக்கா வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். லாரிக்காரர்களிடம் மலையாளத்தில் சண்டை போட்டார். ஒருநாள் ஷமீர் பழைய பாஸ் ஒன்றைத் திரையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தான். "சேச்சி, நீ வருந்நதினு முன்பே பாஸ் அடிச்சிட்டுண்டல்லோ!" அண்ணன் காலத்துப் பாஸ்களெல்லாம் இப்போது அக்கா பெயரில் தெரிந்தன. கவுண்டரே சிரித்தது. அக்காவும் சிரித்தார். "அப்ப எனக்கு அந்தச் சம்பளத்தயும் குடுக்கச் சொல்லு" என்றார். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு மிளகு வியாபாரி வந்தார். வெகுநாளாக வைத்திருந்த சரக்கை எடுக்கப் போனபோது, ஒரு லாரி அளவு மூட்டைகள் இல்லை. கம்ப்யூட்டரில் பார்த்தால் பாஸ் போட்டு வெளியே போயிருக்கிறது. தான் கேட்கவே இல்லை என்று அவர் சத்தியம் செய்தார்.

மேனேஜர் ஹரிதாஸ் சார் என்னை அறைக்குள் கூப்பிட்டார். கோபக்காரர் கிடையாது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

"முத்து, இது பேச்சியம்மாள்டெ பேராணல்லோ. ஈ தேதியில் அவர் இவிடெ ஜோலிக்கு வந்நிட்டில்லல்லோ?"

எண்ணைப் பற்றியும் பெயரைப் பற்றியும் விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"அப்போ சங்கரன்."

"இல்ல சார். அந்த வாரம் அண்ணன் ஆஸ்பத்திரில இருந்தார். நீங்களே போய்ப் பாத்தீங்க, ஆரஞ்சு வாங்கிட்டு."

"போயி." கண்ணாடியைத் துடைத்தார். "ஐடி ஆருடெ?"

"அண்ணனோடது."

"பாஸ்வேர்டு ரகசியமாக வைக்கணும்னு எல்லாரும் கையொப்பம் இட்டதல்லே? அவன் கொடுத்தெங்கில், பொறுப்பு அவனு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆ ஸ்திரீக்கு ஜோலி கொடுத்தது அவனின் நல்ல சர்வீஸ் பார்த்திட்டாணு. அது நல்லதல்லாங்கில்..." முடிக்கவில்லை. "நீ ரெண்டு வரி எழுதித் தா. பாஸ் சங்கரலிங்கத்தின்டெ லாகினில் போட்டதுன்னு. அது சத்தியமல்லே?"

சத்தியம்தான். அதில்தான் எனக்குத் தலை சுற்றியது. அந்த இரண்டு வரியில் பொய்யான ஒரு வார்த்தைகூட இல்லை. எழுதிக் கொடுத்தால் அக்கா வேலை போய்விடும். எழுதாமல் விட்டால் திரையில் அக்கா பெயரே இருக்கும்.

வெளியே வந்து மேடத்திடம் சொன்னேன். ஜன்னலோரம் நின்று லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ என்து எழுதும்?" என்று மட்டும் கேட்டார். நாற்காலி ஏற்பாடு வெளியே தெரிந்தால் முதலில் அடிபடுவது அவர் பெயர்.  

மாலையில் கொச்சங்காடி பஸ் நிறுத்தத்தில் பேச்சியக்கா எனக்காகக் காத்திருந்தார். சேதி அதற்குள் கவுண்டருக்கு வந்துவிட்டது.

"ஏ தம்பி, என்னமோ எழுதித் தரச் சொல்லிருக்காங்களாம?"

"ஆமாக்கா."

"அவரு பேர எழுதாத."

"அக்கா..."

"எம்பேருதான அதுல கெடக்கு? கெடக்கட்டும். செத்த மனுசன் மேல போடாத. எம்புள்ளையப் பொண்ணு கேட்டு நாளைக்கு ஒருத்தன் வருவான்."

"உன் பேரு இருந்தா வேலை போயிரும்க்கா."

"அவரு பேருன்னா போகாதா?"

"அப்பவும் போயிரும்."

அக்கா என்னைப் பார்த்தார். பஸ் ஒன்று வந்து நின்று கிளம்பியது. இரண்டு பேரும் ஏறவில்லை.

"அப்ப யாரு பாஸ் போட்டா?"

"தெரியாதுக்கா."

"ஒன் கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?"

"தெரியாது. அதுக்கு அந்த ஸ்டூலத்தான் தெரியும். ஸ்டூல்ல யாரு இருந்தாங்கன்னு தெரியாது."

"நல்லா இருக்குடே. இத்தன படிச்சிருக்க, போடுறதுக்கு ஒரு பேரு கெடைக்கல ஒனக்கு." சொல்லிவிட்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் எழுப்பினார். "எனக்குப் பயமா இருக்கு தம்பி. வாடகை வீடு, பிள்ளை பிளஸ் டூ. தையல் யூனிட்ட மூடிட்டாங்க, திரும்பப் போகவும் எடமில்ல."

அடுத்த நாள் காலை முழுக்க எழுதி எழுதி அழித்தேன். யார் போட்டது என்று கண்டுபிடிக்க லாகின் பதிவுகளைத் துருவினேன். எந்த மெஷினிலிருந்து என்று தெரிந்தது. கவுண்டர் மெஷின்தான். அங்கே அந்த வாரம் கிடங்கிலிருந்த அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஷமீரிடம் கேட்டேன். முதல்முறையாக அவன் கேலி பேசவில்லை. "எடா, ஆ ஆழ்ச்ச ஞானும் குறே அடிச்சு. எல்லாரும் அடிச்சு. கடலாஸில் என்து எழுதி வந்நாலும் அடிச்சு. அது ஞானாயிருக்கும். இல்லாயிருக்கும்." அந்த வாரம் காகிதத்தில் என்ன எழுதி வந்தாலும் எல்லோரும் பாஸ் அடித்தார்கள், இது அவன் அடித்ததாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்று இன்றும் நம்புகிறேன். நம்புவதற்குக் காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

கடைசியில் எழுதியதைக் கையில் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். மேடமும் கூடவே வந்தார். காகிதத்தை மேஜைமேல் வைக்கப் போகும்போது, முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல்.

"வாயிக்கு."

ஹரிதாஸ் சார் நிமிர்ந்து பார்த்தார். நான் வாசித்தேன். புள்ளி, கமாவைச் சொல்லாமல் விட்டதுதான் வித்தியாசம்.

"இந்தப் பாஸ் கொச்சங்காடி கவுண்டர் நாற்காலியின் லாகினில் போடப்பட்டது. அப்போது அந்த லாகினில் இருந்த பெயர் சங்கரலிங்கம். இப்போது இருக்கும் பெயர் பேச்சியம்மாள். பாஸ் போடப்பட்டபோது இருவருமே அலுவலகத்தில் இல்லை. அந்தப் பாஸ்வேர்டு கவுண்டரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். போட்ட ஆள் யார் என்று எங்கள் அடைவால் சொல்ல முடியாது."



"இனி அர்த்தம் பற" என்றார் மேடம்.

"பேச்சியக்கா போடல. சங்கரண்ணன் போடல. அதுக்கு மேல எங்களுக்குத் தெரியாது. தெரியாதபடி வெச்சிருந்தது நாங்கதான்."

மேடம் முன்னே வந்தார். மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, என் கையெழுத்துக்குக் கீழே, "எனிக்கும் அறியாமாயிருந்நு" என்று மலையாளத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தனக்கும் பாஸ்வேர்டு தெரிந்திருந்தது என்று அதற்குப் பொருள். அவர் எழுதுவதை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். எழுத்து சின்னப் பிள்ளையுடையது போல உருண்டையாக இருந்தது.

ஹரிதாஸ் சார் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஆ ஆழ்ச்ச ஞானும் விளிச்சு பறஞ்ஞிட்டுண்டு" என்றார் மெல்ல; அந்த வாரம் தானும் கவுண்டரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாராம். "சங்கரன் இல்லெங்கிலும் லாரி விடு, அவன்டெ ஐடியில் அடிச்சோ என்று." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "செரி. நீங்கள் போய்க்கோ."

அக்கா வேலையில் நீடித்தார். வியாபாரியோடு முதலாளி உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டார். மிளகு எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தக் காகிதம் முதலாளி வரைக்கும் போனது. அவர் அதில் படித்தது ஒரே வரி: எங்கள் அடைவால் சொல்ல முடியாது. "வெறுதே கிட்டியதல்லே, இத்ரயேயுள்ளூ" என்றாராம். சும்மா கிடைத்த பொருள் இவ்வளவுதான் என்று. எல்டாப்பின் மேல் எந்தக் குற்றமும் இல்லை, ஆளுக்கொரு பதிவு போட அதில் வேண்டிய வசதியெல்லாம் இருக்கிறது, நாம்தான் அதை நாற்காலிக்குக் கொடுத்தோம் என்று எழுதிக் கொடுத்தேன். அதை யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. சந்தாவுக்குப் பணம் கட்டினார்கள். லீனா மேடம் இப்போது அந்தச் சேவையின் தொடர்பாளர். ஏதாவது நின்றால் போன் செய்து, பாட்டுக் கேட்டபடி காத்திருக்கிறார். எனக்குப் பொன்னாடை.

கடைசி நாள் மொத்த அடைவையும் ஒருமுறை இறக்கிப் பத்திரப்படுத்திவிட்டு, சர்வரை நிறுத்தும் கட்டளையை அடித்தேன். பின்னால் மேடம் நின்றிருந்தார். வாசிக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நானாகவே வாசித்தேன். என்டர் அடித்தபோது திரும்பிப் பார்த்தேன், அவர் ஜன்னலோரம் போய்விட்டிருந்தார்.

நல்லது செய்தேனா? ஒருத்தர் வேலை தங்கியது, இன்னொருத்தர் வேலை போனது, கணக்கு சரியாகிவிட்டது என்று அப்பா சொன்னார். அவர் ஆறுதலுக்குச் சொன்னது. உண்மையைச் சொன்னேன் என்று பெருமைப்படலாமா? மேனேஜர் கேட்ட இரண்டு வரியும் உண்மைதானே. நான் வேறோர் உண்மையைத் தேர்ந்தெடுத்தேன். எதனால் என்று கேட்டால், ஆள் காலனிக்காரர் என்பதாலோ என்று சில நாள் சந்தேகம் வருகிறது. பேச்சியக்கா இடத்தில் எனக்குத் தெரியாத யாரோ இருந்திருந்தால் அந்த இரண்டு வரியோடு நிறுத்தியிருப்பேனோ? அப்படி இல்லை என்று சொல்லத்தான் ஆசை.

சென்ற மாதம் கொச்சங்காடியில் ஒரு கிடங்குக்குக் கேமரா போடப் போனேன். மத்தியானம் எங்கள் பழைய கவுண்டரை எட்டிப் பார்த்தேன். புதுச் சேவையில் ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு. பாஸ்வேர்டு போட்ட பிறகு அவரவர் போனுக்கு ஓர் எண் வரும், அதையும் போட்டால்தான் உள்ளே விடும். ஆளைத் தவிர வேறு யாரும் நுழைய முடியாத ஏற்பாடு. நாங்கள் செய்யாமல் விட்டது.

வாசலில் லாரி ஒன்று இரைந்துகொண்டு நின்றது. பேச்சியக்கா கிடங்கின் பின்புறம் குழாயடியில் டிபன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே அவர் ஸ்டூலில் ஷமீர் உட்கார்ந்திருந்தான்.

"சேச்சீ! நம்பர் வந்நோ?"

அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்து, இடுப்பிலிருந்து போனை எடுத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு, கிடங்கு முழுக்கக் கேட்கும்படி ஒவ்வோர் எண்ணாகக் கத்தினார்.

"கிட்டி!" என்றான் ஷமீர். பிரிண்டர் பாஸை வெளியே தள்ளியது. வாட்ச்மேன் கயிற்றை அவிழ்த்தார்.

அப்போதுதான் அக்கா என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. மகள் நர்சிங் சேர்ந்துவிட்டாள் என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்ததைக் கவனித்துவிட்டார்.

"என்ன தம்பி?"

எத்தனையோ சொல்லலாம். பஸ் நிறுத்தத்தில் அவர் எழுப்பிய அந்தச் சத்தத்தை நினைவூட்டலாம். லாரி கிளம்பும் தூசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அக்கா, அந்த நம்பர..."

"ஆமா, சத்தமா சொன்னாத்தான் அவனுக்குக் கேக்குது" என்றார் அக்கா. "லாரி இரைச்சல்ல ஒண்ணும் காதுல விழ மாட்டேங்கு. வா, சாயா குடி."

குடித்தேன்.